“சார், தண்ணீர் வரவில்லை” என்றால் முதலில் எங்கே பார்ப்பது? வாடகை வீட்டுக் கோளாறுகள், அறிகுறி வாரியாக

உரிமையாளர்கள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, அவர்களுடைய சென்னை வீடுகளை வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்வது என் தொழில். குடியிருப்பவர்கள் தொலைபேசியில் அழைத்துச் சொல்லும் புகார்கள் பெரும்பாலும் மூன்று நான்கு சொற்கள்தான். “தண்ணீர் வரவில்லை.” “கரண்ட் போகிறது.” “சுவர் ஊறுகிறது.” அந்தச் சொற்களுக்கும் உண்மையான கோளாறுக்கும் நடுவே நிறைய தூரம் இருக்கிறது. தண்ணீர் வரவில்லை என்ற ஒரே புகாருக்குக் கீழ்த்தொட்டி வற்றியது, மோட்டார் கெட்டது, வால்வை யாரோ மூடியது, குழாயில் காற்று அடைத்தது, குழாய் வாயில் உப்பு அடைத்தது என்று பல காரணங்கள் உண்டு. எது என்று தெரியாமல் பிளம்பரை அனுப்பினால் அவர் வந்து பார்த்துவிட்டு, இது எலெக்ட்ரீஷியன் வேலை என்று சொல்லிப் போவார். அன்றைய கூலி போகும், அடுத்தவர் வர இரண்டு நாள் ஆகும், குடியிருப்பவர் இரண்டு நாள் வாளியில் தண்ணீர் தூக்குவார்.

ஆகவே ஆளை அனுப்பும் முன் மூன்று கேள்விகளைக் கேட்கிறேன். எப்போதிலிருந்து இப்படி? வீடு முழுவதுமா, ஓரிடத்தில் மட்டுமா? அதற்கு முந்தைய நாள் வீட்டில் என்ன நடந்தது? இந்த மூன்றாவது கேள்விதான் அதிகம் உதவுகிறது. தொட்டி கழுவினோம், மின்தடை வந்தது, மழை பெய்தது, ஊரிலிருந்து பத்து நாள் கழித்துத் திரும்பினோம் என்று ஏதாவது ஒன்று கிடைக்கும். பாதிக் கோளாறு அந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும். பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு சிறிய காணொளி அனுப்பச் சொல்கிறேன். மோட்டார் என்றால் படத்தைவிடச் சத்தம் முக்கியம்.

கடைசியாக ஒரு நேரம் சொல்ல வேண்டும். “பார்க்கலாம்” என்பது பதிலாகாது. “நாளை காலை 10 மணிக்குள் ஆள் வருவார், வராவிட்டால் 10.15க்கு நானே அழைப்பேன்” என்று சொல்லி, அப்படியே செய்ய வேண்டும். ஆள் வரத் தாமதமானாலும் அந்த அழைப்பு போனால் குடியிருப்பவர் பொறுத்துக்கொள்வார். அழைப்பும் போகவில்லை என்றால் அடுத்த மாத வாடகையும் தாமதமாகும்.

இனி அறிகுறிகள்.

மோட்டார் ஓடுகிறது, மேல்தொட்டியில் தண்ணீர் விழவில்லை

உடனே மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்கள். தண்ணீர் இல்லாமல் ஓடும் மோட்டாரின் உள்ளே இருக்கும் சீல் சூடேறிக் கெட்டுவிடும். பிறகு கீழ்த்தொட்டி மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்க்க வேண்டும். உறிஞ்சுகுழாயின் அடிமுனைக்குக் கீழே மட்டம் இறங்கியிருந்தால் மோட்டாரில் குறையே இல்லை. மெட்ரோ குடிநீர் வரவில்லை என்றால் 1916 எண்ணில் புகார் பதியலாம். அதுவரை லாரித் தண்ணீர்தான் வழி.

மட்டம் போதுமான அளவு இருந்தும் ஏறவில்லை என்றால், மோட்டாருக்கு மேலே உள்ள திருகு மூடியைத் திறந்து குழாய் நிரம்பும்வரை தண்ணீர் ஊற்றி மீண்டும் போட்டுப் பாருங்கள். ஏறுகிறதா? அப்படியானால் மறுநாள் காலையில் மீண்டும் பாருங்கள். தினமும் காலையில் தண்ணீர் ஊற்றினால்தான் ஏறுகிறது என்றால், உறிஞ்சுகுழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வு தண்ணீரைப் பிடித்து வைக்கவில்லை. அதன் வாயில் சிறு கல்லோ இலையோ சிக்கியிருக்கும், அல்லது உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும். வால்வை மாற்றுவது சிறிய வேலை. இதைக் கண்டுபிடிக்காமல் “மோட்டார் பழசாகிவிட்டது, புதிது போட வேண்டும்” என்று சொல்லி உரிமையாளரிடம் பல ஆயிரம் ரூபாய் வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். புது மோட்டார் போட்ட பிறகும் காலையில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது.

மோட்டார் ஓடாமல் “ம்ம்ம்” என்று முனகுகிறது என்றால் ஐந்து விநாடிக்கு மேல் போட்டு வைக்காதீர்கள். உள்ளே சுற்றியிருக்கும் கம்பி எரிந்துவிடும். பெரும்பாலும் மோட்டாரைச் சுழலத் தொடங்கவைக்கும் கப்பாசிட்டர் போயிருக்கும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த வீடு என்றால் துருவால் சுழலி இறுகியிருக்கலாம். மின்சாரத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டு, பின்பக்க மூடியைக் கழற்றி விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தொட்டி நிறைய தண்ணீர் இருக்கிறது, குழாயில் நூல் போல வருகிறது

ஒரே குழாயில் மட்டும் என்றால் குழாயின் வாயில் உள்ள சல்லடையைக் கழற்றுங்கள். சென்னையில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் ஓடும் வீடுகளில் அது வெள்ளை உப்பால் மூடியிருக்கும். ஓர் இரவு வினிகரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போதும். இதற்கு ஆள் அனுப்புவது வீண்செலவு. எப்படிக் கழற்றுவது என்று ஒரு காணொளி எடுத்து வைத்திருக்கிறேன். அதையே எல்லோருக்கும் அனுப்புகிறேன்.

குளியலறை முழுவதிலும் குறைவாக வருகிறது, முந்தைய நாள் தொட்டி கழுவினார்கள் என்றால் குழாயில் காற்று அடைத்திருக்கிறது. அதே மேல்தொட்டியிலிருந்து நன்றாக வரும் ஒரு குழாயையும் அடைத்த குழாயையும் ரப்பர் குழாயால் இணைத்து, முதலில் அடைத்ததையும் பிறகு நன்றாக வருவதையும் திறந்தால் தண்ணீர் எதிர்த்திசையில் போய்க் காற்றைத் தள்ளிவிடும். சில நிமிட வேலை.

சுடுதண்ணீர்க் குழாயில் மட்டும் குறைவு என்றால் கீசரிலும் அதன் இணைப்புக் குழாய்களிலும் உப்புப் படிந்திருக்கிறது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யத் தெரிந்த ஆளைத்தான் அழைக்க வேண்டும்.

தண்ணீர் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது

இந்தப் புகார் வந்தால் உரிமையாளர்கள் பலர் “வீட்டில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள்?” என்று கேட்கிறார்கள். அது குடியிருப்பவரைக் குற்றவாளியாக்கும் கேள்வி. முதலில் கசிவைத் தேடுங்கள். இரவு படுக்கும் முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மேல்தொட்டியின் உள்ளே மட்டத்தில் சாக்கட்டியால் கோடு போடச் சொல்லுங்கள். காலையில் யாரும் தண்ணீரைத் தொடும் முன் பார்த்தால் கோட்டுக்கும் தண்ணீருக்கும் இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால், தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களின் வால்வுகளில் ஒவ்வோர் இரவும் ஒன்றை மூடிப் பாருங்கள். எந்த இரவில் மட்டம் இறங்கவில்லையோ, அந்த இரவில் மூடிய வழியில்தான் கசிவு.

கழிப்பறை ஃப்ளஷ் தொட்டி சத்தமில்லாமல் தண்ணீரைக் குடித்துவிடும். அதில் ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரைக் கலந்துவிட்டு அரை மணி நேரம் யாரும் இழுக்காமல் இருங்கள். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால் உள்ளே இருக்கும் வாஷர் பழுது.

யார் செலவு செய்வது என்ற கேள்வி இங்கேதான் வழக்கமாக எழும். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் இதைத் தன் இரண்டாம் அட்டவணையில் பிரித்துக் கொடுத்திருக்கிறது. கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பது, கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, தேவைப்படும்போது குழாய்களை மாற்றுவது, மின்கம்பி இணைப்பு ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய், குழாய் வாஷர், கழிப்பறைப் பீங்கான், கைகழுவும் தொட்டி, கீசர், சுவிட்சு, சாக்கெட் பழுது, சாக்கடை அடைப்பு, பூட்டு, கண்ணாடி, கொசுவலை ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொண்டால் அதன்படி. சட்டம் இப்படிச் சொன்னாலும், குடிவந்த முதல் மாதத்திலேயே கெட்டுப்போகும் வாஷருக்குக் குடியிருப்பவரிடம் பணம் கேட்பது நியாயம் இல்லை என்பது என் கருத்து. அது முந்தையவர் காலத்துத் தேய்மானம். முதல் 60 நாளில் வரும் எல்லாச் சிறு பழுதும் உரிமையாளர் கணக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறேன். இதற்கு மறுத்த உரிமையாளர்கள் மிகக் குறைவு.

சுவர் ஊறுகிறது, வண்ணம் உரிகிறது

இதுதான் அதிகப் பணத்தை விழுங்கும் அறிகுறி. காரணம் ஒன்றுதான்: எங்கிருந்து ஈரம் வருகிறது என்று பார்க்காமல் மேலே பூசிக்கொண்டே இருப்பது. ஈரம் சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறது, எப்போது அதிகமாகிறது என்ற இரண்டையும் வைத்து மூலத்தைக் கண்டுபிடிக்கலாம்.

தரையிலிருந்து தொடங்கி இடுப்புயரம்வரை ஏறி, மேலே அலை போன்ற கோட்டோடு நிற்கிறதா? வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? அது அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம். தரைத்தளங்களில்தான் இது வரும். மேல்பூச்சு மட்டும் போட்டால் ஓராண்டில் மறுபடி பூக்கும். பூச்சை உரித்து, ஈரம் ஏறும் பாதையைத் தடுக்க வேண்டும். இதில் குடியிருப்பவரின் பங்கு எதுவும் இல்லை.

கூரையிலோ, கூரையும் சுவரும் சேரும் மூலையிலோ மழைக்குப் பிறகு தோன்றுகிறதா? மாடிக்குப் போங்கள். தட்டோடு பதித்த பழைய தளங்களில் ஓடுகளின் இடைவெளிச் சாந்து உதிர்ந்திருக்கும். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் இடத்தில் விரிசல் இருக்கும். இரண்டுக்கும் முன்னால் மழைநீர் வடிகுழாயின் வாயைப் பாருங்கள். சருகும் பிளாஸ்டிக் உறையும் அடைத்து, மாடி முழுவதும் நீர் தேங்கி, அது மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு துடைப்பத்தால் தீரும் பிரச்சினைக்கு நீர்த்தடுப்புப் பூச்சு போட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பர் கடைசி வாரத்தில் என் பொறுப்பில் உள்ள எல்லா மாடிகளையும் நானே ஏறிப் பார்த்துவிடுகிறேன்.

நீர்த்தடுப்புப் பூச்சு உண்மையிலேயே தேவை என்றால் அதைப் பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் நடுவே போடுங்கள். நவம்பரில் குடியிருப்பவர் கெஞ்சுகிறார் என்று ஈரத் தளத்தின் மேல் பூசினால் சில மாதங்களில் தோலாக உரிந்து வரும். நவம்பரில் செய்யக்கூடியது வடிகாலைத் திறந்து விடுவது, விரிசலைத் தற்காலிகமாக அடைப்பது, கட்டிலையும் அலமாரியையும் இடம் மாற்ற ஆள் அனுப்பி உதவுவது. இதை அவரிடம் காரணத்தோடு சொல்லி, பிப்ரவரியில் வேலை நடக்கும் என்று எழுத்திலும் கொடுத்துவிட வேண்டும்.

குளியலறையை ஒட்டிய சுவரா? இங்கே இரண்டு வாய்ப்புகள். சுவருக்குள் போகும் குழாய் கசியலாம், அல்லது தரை ஓடுகளின் இடுக்கு வழியாக நீர் இறங்கலாம். குழாயில் எப்போதும் தண்ணீர் அழுத்தத்தோடு நிற்பதால், யாரும் குளிக்காவிட்டாலும் அது கசியும். தரை இடுக்கு குளித்தால் மட்டுமே கசியும். குடியிருப்பவர் பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வருகிறார் என்றால் நல்ல சந்தர்ப்பம். மேல்தொட்டி வால்வை மூடாமல் போகச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது சுவர் உலர்ந்திருந்தால் தரை, உலராமல் இருந்தால் குழாய். தரை என்று தெரிந்தால், வடிகாலைத் துணியால் அடைத்து ஓர் அங்குலத் தண்ணீரை ஒரு நாள் தேக்கிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளலாம். ஓடுகளுக்கிடையே புதிதாகச் சாந்து அடைப்பதிலேயே பல வீடுகளில் தீர்ந்துவிடுகிறது. சுவரை உடைப்பது கடைசி வேலை.

எதிலும் சேராத ஈரமாக இருந்தால் ஒரு சோதனை உண்டு. ஒரு பாலித்தீன் தாளை அந்த இடத்தில் நான்கு பக்கமும் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்தால் அறையின் காற்றில் உள்ள ஈரம் படிகிறது. இரவு முழுவதும் ஏ.சி. ஓடும் அறைக்கு அடுத்த சுவரிலும், துணி உலர்த்தும் மூடிய அறையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். சன்னலைத் திறந்து வைப்பதே மருந்து.

எந்த ஈரமானாலும் மூலத்தை அடைத்த பிறகு சுவர் உலரும்வரை காத்திருங்கள். புதிதாகச் சிமெண்டுப் பூச்சு போட்டிருந்தால் நான்கு வாரமாவது விட்டுத்தான் வண்ணம் பூச வேண்டும்.

இவை எல்லாவற்றிலிருந்தும் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. கூரைக் காங்கிரீட் உப்பி, வெடித்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தால் அது வண்ணப் பிரச்சினை இல்லை. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றால் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறிய கம்பி பருத்துக் காங்கிரீட்டைத் தள்ளிவிடும். நீளமான கம்பால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். வெற்றொலி வரும் இடமெல்லாம் விழக் காத்திருக்கிறது. அந்த அறையை அன்றே காலி செய்யச் சொல்லுங்கள். கட்டுமானப் பொறியாளர் பார்க்காமல் கொத்தனாரைக்கூட ஏற்ற வேண்டாம். கட்டிலுக்கு மேலே அப்படி ஓரிடம் இருந்த வீட்டில், “பூசிவிட்டால் போதுமே” என்ற உரிமையாளரோடு ஒரு வாரம் வாதாடினேன். பூச்சு விழுந்த நாளில் அறையில் யாரும் இல்லை. அதற்குப் பிறகு இந்த அறிகுறியில் நான் யாரிடமும் அனுமதி கேட்டுக் காத்திருப்பதில்லை. முதலில் ஆட்களை வெளியேற்றுகிறேன், பிறகுதான் உரிமையாளரை அழைக்கிறேன்.

கரண்ட் அடிக்கடி போகிறது, பக்கத்து வீட்டில் இருக்கிறது

மின்பலகையில் எந்தச் சுவிட்சு கீழே விழுந்திருக்கிறது என்று கேளுங்கள். சிறிய எம்.சி.பி. ஒன்று விழுந்தால் அந்த வழியில் சுமை அதிகம் அல்லது கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டிருக்கின்றன. சோதனைப் பொத்தான் உள்ள ஆர்.சி.சி.பி. விழுந்தால் எங்கோ மின்சாரம் பூமிக்குக் கசிகிறது. வீடுகளில் போடுவது பொதுவாக 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே விழும். மனித உயிரைக் காக்கத்தான் அது இருக்கிறது. “அடிக்கடி விழுந்து தொல்லை தருகிறது” என்று அதைக் கழற்றி நேரடியாக இணைத்துவிடும் எலெக்ட்ரீஷியனை மறுபடி வேலைக்குக் கூப்பிடாதீர்கள்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. எல்லா எம்.சி.பி.களையும் கீழே இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை மேலே தூக்குங்கள். பிறகு எம்.சி.பி.களை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த வழியில் உள்ள கருவிகளின் பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு மீண்டும் பாருங்கள். இப்போது நிற்கிறது என்றால் கருவியில் குறை. பிடுங்கியும் விழுந்தால் கம்பியில் குறை, அது உரிமையாளர் செலவு. என் அனுபவத்தில் கீசரும் துணி துவைக்கும் இயந்திரமும்தான் அதிகம் மாட்டுகின்றன.

இரண்டு நிலைகளில் சோதனையே கூடாது. குளியலறைக் குழாயைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது என்று சொன்னால், கீசரின் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது; மெயினையே இறக்கச் சொல்லுங்கள். எலெக்ட்ரீஷியன் கீசரையும் எர்த் இணைப்பையும் பார்த்து முடிக்கும்வரை யாரும் அந்தக் குளியலறைக்குள் போகக் கூடாது. சில விளக்குகள் கண்ணைக் கூசும்படி எரிந்து, வேறு சில மங்கினால் நியூட்ரல் கம்பி அறுந்திருக்கலாம். அப்போது சில அறைகளுக்கு வர வேண்டியதைவிட மிக அதிக மின்னழுத்தம் பாயும். தொலைக்காட்சியும் குளிர்பதனப் பெட்டியும் எரியும். உடனே மெயினை இறக்கிவிட்டு மின்வாரியத்தின் மின்னகம் சேவையை 94987 94987 எண்ணில் அழைக்க வேண்டும். இந்த எண்ணைக் குடிவரும் நாளிலேயே மின்பலகைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுகிறேன்.

மின்கட்டணம் திடீரென்று ஏறிவிட்டது

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் அதிகப்படியான யூனிட்டுகளின் விலை மட்டும் கூடுவதில்லை. கீழ்ப்படிகளில் கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும். 490 யூனிட்டிலிருந்து 520க்குப் போனவர் 30 யூனிட்டுக்கு இவ்வளவா என்று திகைப்பது அதனால்தான். கோடையில் ஏ.சி. ஓடிய காலம் என்றால் விளக்கம் இதுவாக இருக்கலாம்.

ஆனால் ஏ.சி.யே இல்லாத வீட்டிலிருந்து புகார் வந்தால் மீட்டருக்கு முன்னால் போய் நில்லுங்கள். வீட்டுக்குள் எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிய பிறகும் மீட்டரின் சிறிய சிவப்பு விளக்கு துடிக்கிறதா? அப்படியானால் இந்த மீட்டரிலிருந்து வேறெங்கோ மின்சாரம் போகிறது. மேற்கு மாம்பலத்தில் நான்கு குடித்தனம் உள்ள ஒரு பழைய வீட்டில், பொது மோட்டாரும் மாடிப்படி விளக்கும் தரைத்தளக் குடித்தனத்தின் மீட்டரில் பல ஆண்டுகளாக இணைந்திருந்தன. அங்கே ஒருவர் பின் ஒருவராகக் குடியிருந்தவர்கள் மற்ற மூன்று வீடுகளுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்கிறார்கள். அப்போது இருந்தவருக்கு இரண்டு ஆண்டுக் கணக்கைப் போட்டுத் திருப்பிக் கொடுக்க உரிமையாளர் சம்மதித்தார். முன்பு இருந்தவர்களைத் தேடிப் பிடிக்க முடியவில்லை. அது இன்னும் என் மனத்தில் இருக்கிறது.

கீசர் அடியில் சொட்டுகிறது

சூடாகும்போது மட்டும் பாதுகாப்பு வால்விலிருந்து சில துளிகள் விழுந்தால் அது இயல்பு. அந்த வால்வை அடைக்க யாரையும் விடாதீர்கள். அழுத்தம் வெளியேற வேறு வழி இல்லை. எப்போதும் சொட்டினால் வால்வையோ தொட்டியையோ மாற்ற வேண்டும்.

ஏ.சி. உள்ளே தண்ணீர் ஒழுகுகிறது

வடிகட்டி வலையைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். தீரவில்லை என்றால் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கிறது. உள்ளே பனிக்கட்டி படிந்தால் இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும்.

கதவு மூடவில்லை

மழைக்காலமா? மரம் ஊதியிருக்கிறது. இழைக்க வேண்டாம். தை மாதத்தில் தானாகச் சுருங்கும். இப்போது இழைத்தால் அப்போது இடைவெளி விழும். நிலையில் மண்கோடு தெரிந்தாலோ தட்டினால் பொள்ளலாக ஒலித்தாலோ கரையான். அதைத் தள்ளிப்போட்டால் அலமாரிகளும் போய்விடும்.

சாக்கடை நாற்றம்

பூட்டிக் கிடந்த வீடு என்றால் ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். வடிகாலின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் நாற்றத்தைத் தடுக்கும் மூடி. அது ஆவியாகிவிட்டால் நாற்றமும் கரப்பான்களும் மேலே வரும். வீடு பார்க்க வருபவர்கள் வாசலிலேயே முகம் சுளித்துத் திரும்பிவிடுவார்கள். காலியாக உள்ள வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய்த் தண்ணீர் ஊற்றி, மோட்டாரை ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு வருவது என் வழக்கம்.

சமையலறைத் தொட்டி மட்டும் அடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு. கீழே உள்ள வளைகுழாயைக் கழற்றிக் கழுவலாம். ஓர் இடத்தில் ஊற்றினால் இன்னோர் இடத்தில் குமிழியிடுகிறது, கழிப்பறையில் நீர் ஏறி வருகிறது என்றால் வெளியே கழிவுக் குழாய்கள் சேரும் குழியான சேம்பரிலோ தெருச் சாக்கடையிலோ அடைப்பு.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எந்த அவசரத்திலும், குடியிருப்பவர் எவ்வளவு கத்தினாலும், கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ ஆள்நுழை குழிக்குள்ளோ மனிதரை இறக்காதீர்கள். உள்ளே தேங்கும் நச்சுவாயு சில நொடிகளில் கொல்லும். காப்பாற்ற இறங்கும் இரண்டாவது ஆளும் சாவார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடைசெய்திருக்கிறது. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. “500 ரூபாய் கூடக் கொடுங்கள், இறங்கி எடுத்துவிடுகிறேன்” என்று வருபவர் வறுமையால் கேட்கிறார். அவரிடம் மறுத்துவிட்டு, இயந்திர லாரிக்குச் சொல்லுங்கள். லாரி மறுநாள்தான் வரும் என்றால் குடியிருப்பவரை அன்றிரவு உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கச் செய்து, செலவை உரிமையாளர் கணக்கில் எழுதுங்கள்.

காலி செய்யும்போது அட்வான்ஸில் தகராறு

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது நெடுநாள் வழக்கம். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது சட்டம். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டம்.

எதைக் கழிப்பது என்பதில்தான் சண்டை. வண்ணம் பூசுவதற்கு ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வதை நான் விரும்புவதில்லை. ஐந்து ஆண்டு வாழ்ந்த வீட்டில் சுவர் மங்குவது வாழ்ந்ததன் அடையாளம். அது சேதம் ஆகாது. உடைந்த ஓடும் எரிந்த சமையல் மேடையும்தான் சேதம். குடிவரும் நாளில் ஒவ்வோர் அறையிலும் நான்கு சுவர், கூரை, தரை, கதவு என்று படம் எடுத்து, இரு தரப்புக்கும் அன்றே அனுப்பிவிட்டால் காலி செய்யும் நாளில் பேச்சு பாதியாகக் குறையும். கழிக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது காட்டுங்கள். ரசீது இல்லாததைக் கழிக்காதீர்கள்.

புகாரே வரவில்லை

இந்த அறிகுறியை உரிமையாளர்கள் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது கவலை தருகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் மூன்று ஆண்டுகளாக இருந்த வீட்டிலிருந்து எனக்கு ஓர் அழைப்புகூட வந்ததில்லை. வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கைகழுவும் தொட்டிக்கு அடியில் ஒரு வாளி இருந்தது. எட்டு மாதங்களாகக் காலையும் மாலையும் அந்த வாளியை ஊற்றிவிட்டு வைத்திருக்கிறார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “முன்பிருந்த வீட்டில் பழுது சொன்னோம் தம்பி, அடுத்த மாதமே வாடகையை ஏற்றிவிட்டார்கள்” என்றார் அந்த அம்மா.

அன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறேன். நுழைவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நான் நாலைந்து நாள் முன்பே கேட்டு, அவர்களுக்குத் தோதான நேரத்தில் போகிறேன். “எல்லாம் நன்றாக இருக்கிறதா?” என்று கேட்பதில்லை. அதற்கு எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். “இந்தக் குழாயைத் திறக்கட்டுமா அம்மா? அந்தக் கதவை மூடிப் பார்க்கட்டுமா? தொட்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்கலாமா?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே நடக்கிறேன். மூன்றாவது குழாயை எட்டும் முன் அவர்களே, “தம்பி, அந்த மூலையையும் கொஞ்சம் பாருங்களேன்” என்று அழைத்துப் போகிறார்கள்.